எழும்பாத பெரியக்கா

மாக்கிறேட்டுக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. வெஸ்ட்மீட் ஸ்டேஷனுக்குப் பின்பக்கம், மூன்றாம் மாடியில் இரண்டு அறை ஃப்ளாட் ஒன்றில் கணவன் யேசுராசாவோடும் மகள் டிலக்சியோடும் இருந்தாள். வேலை ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் நிலக்கீழ்த் தளத்தில். சத்திரசிகிச்சை முடிந்து மேலேயிருந்து வருகிற கத்திகளையும் இடுக்கிகளையும் கழுவி, ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பட்டியலோடு சரிபார்த்து, நீலத் துணியில் சுற்றி நீராவி மெஷினுக்குள் தள்ளவேண்டும். பதினெட்டு வருஷமாய் அதே வேலை. அங்கே யன்னல் கிடையாது. வெளியில் மழையா வெயிலா என்பது வீட்டுக்குப் போகிற நேரத்தில்தான் தெரியும்.

பேசாலையில் பிறந்தவள். இருபத்துமூன்று வயதில் வள்ளமேறி இந்தியாவுக்குப் போய், மண்டபம் முகாமில் ஐந்தாறு வருஷம் இருந்து, யேசுராசா கூப்பிட்டுச் சிட்னிக்கு வந்தவள். அந்தக் கதையை யாராவது கேட்டால் ஒரே வரியில் முடித்துவிடுவாள்: "அங்க இருந்தனாங்கள், பிறகு இஞ்ச வந்திட்டம்." யேசுராசா ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓடியவர். முதுகில் நாரி பழுதாகி ஒன்பது வருஷமாய் வீட்டில். நல்ல மனுசன். வீட்டில் இருப்பவர்களுக்கு நாள் மெதுவாய்ப் போகும் என்பதால், வெளியில் போய் வருகிறவர்களுக்கும் அப்படித்தான் போகும் என்று நினைப்பவர்.

மாக்கிறேட்டுக்கு 'ஏலாது' என்ற சொல் வாயில் வராது. சுப்பவைசர் மெசேஜ் அனுப்புவாள்: ஒரு ஆள் வரவில்லை, ஆறு மணிவரைக்கும் நிற்க முடியுமா. சனிக்கிழமை வர முடியுமா. மாக்கிறேட் கட்டைவிரலை மேலே காட்டும் படத்தை அனுப்பிவிட்டு அடுத்த கருவித் தட்டை இழுப்பாள். காலில் இறுக்கிய நீள மேஸ் போட்டிருப்பாள். வீட்டுக்கு வந்து அதைக் கழற்றுகிற அந்த ஒரு நிமிஷந்தான் அன்றைய நாளில் அவளுக்கென்று வாய்ப்பது.

டிலக்சிக்கு இருபத்தாறு வயது. காப்புறுதிக் கம்பனி ஒன்றில் வேலை, பாதி நாள் வீட்டிலிருந்தபடி. பின்னேரங்களில் அவள் ரீவியில் ஒரு பிரிட்டிஷ் தொடர் பார்ப்பாள். தொடர் என்ற பெயர்தான், ஒரு கதைக்கும் அடுத்ததற்கும் தொடர்பில்லை. ஒவ்வொன்றும் அரை மணித்தியாலம். ஒவ்வொரு முறையும் வேறு வீடு, வேறு சனம். முதலில் சும்மா பகிடியாய்ப் போகும். சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஏதோ பிசகுகிற மாதிரி இருக்கும். கடைசி இரண்டு நிமிஷத்தில் அதுவரை பார்த்ததெல்லாம் தலைகீழாகிவிடும். பெரும்பாலும் யாராவது செத்திருப்பார்கள்.

"அம்மா, வெயிட், இப்பதான் ட்விஸ்ட் வரப்போகுது," என்று டிலக்சி சொல்லித் திரும்பும்போது மாக்கிறேட் கதிரையில் தலை சாய்ந்து கிடப்பாள். முடிவை டிலக்சி அடுத்த நாள் காரில் சொல்லுவாள். "அந்தச் சனத்துக்கு வேற வேலையில்லையோ," என்பாள் மாக்கிறேட்.

அந்தத் தொடரை டிலக்சிதான் எறிக்குக்குச் சொன்னாள். எறிக் ரயில்வேயில் நேர அட்டவணை போடுகிறவன், நாற்பது வயது. பென்டில் ஹில் தமிழ்ச் சங்கத்துக் கலைமாலைக்கு வருஷாவருஷம் நாடகம் எழுதுவான். வழக்கமாய் மாமியார் மருமகள் பகிடி, கடைசியில் எல்லாரும் சேர்ந்து நின்று தமிழைக் காப்போம் என்று சொல்லித் திரை விழும். அந்தத் தொடரில் பத்துப் பன்னிரண்டு கதை பார்த்த பிறகு அவனுக்குப் பழைய நாடகங்களை நினைக்கவே கூச்சமாகிவிட்டது. ஒரே அறை, அரை மணித்தியாலம், கடைசி நிமிஷத்தில் ஒரு அடி என்று சொல்லிக்கொண்டு திரிந்தான்.

நாடகம் இதுதான். ஹோம்புஷில் ஒரு வீட்டு முன்னறை. நடுவில் சவப்பெட்டிக்குள் பெரியக்கா. லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் சகோதரங்கள் வந்திருக்கிறார்கள். யார் முதலில் பேசுவது, இணையத்தில் நேரடியாய்க் காட்டுகிற கமராவுக்கு யார் கிட்ட நிற்பது, பெரியக்காவின் காஞ்சிபுரச் சேலை யாருக்கு என்று பிடுங்குப்படுகிறார்கள். பிறகு எல்லாரும் குடும்பப் படம் எடுக்க வெளியே போக, கடைசித் தங்கச்சி மட்டும் தனியே நின்று மன்னிப்புக் கேட்கிறாள். "ஒருக்கா எழும்பிக் கதையுங்கோவன் பெரியக்கா" என்கிறாள். பெரியக்கா எழும்பி உட்கார்ந்து, "தேத்தண்ணி ஒருத்தரும் போடேல்லையோ?" என்று கேட்கிறாள். விளக்கு அணைகிறது.

பெட்டிக்குள் படுக்க முதலில் ஒத்துக்கொண்டவள் சிவகௌரி. இரண்டு ஒத்திகைக்குப் பிறகு மாமியாரின் காதில் விழ, அவ நிறுத்திப்போட்டா. உயிரோடு இருக்கிற ஆள் சவப்பெட்டிக்குள் படுக்கக்கூடாதாம். எறிக் ஞாயிறு பூசை முடிந்து கார் நிறுத்துமிடத்தில் மாக்கிறேட்டைப் பிடித்தான்.

"அன்ரி, உங்களுக்கு ஒரே ஒரு வசனந்தான். மிச்சம் இருபத்தெட்டு நிமிஷமும் படுத்திருக்கோணும்."

"படுத்திருக்கிறதோ?"

"ஓம். அசையாமல், கண்ணை மூடிக்கொண்டு."

"அப்ப வாறன்," என்றாள் மாக்கிறேட்.

யேசுராசாவுக்குப் பிடிக்கவில்லை. "உனக்கென்ன விசரோ? பெட்டிக்குள்ள போய்ப் படுக்கிறதோ?" என்றார். அவள் ஒரு போத்தல் தீர்த்தத் தண்ணீரைப் பெட்டிக்குத் தெளித்துவிட்டுப் படுப்பதாய்ச் சொன்னாள். 

பெட்டியை எறிக்கே அடித்தான். அலுமாரிப் பலகை, உள்ளே மெத்தைப் பஞ்சு, அதன்மேல் வெள்ளைச் சாட்டின். ஒத்திகையின் முதல் நாள் போய் அதில் காலை நீட்டியபோது மாக்கிறேட்டுக்கு வந்த எண்ணம் இதுதான்: இத்தனை வருஷத்தில் இந்த மனுசர் ஒருவராவது என்னைப் படு என்று சொன்னதில்லை. இப்போது ஏழெட்டுப் பேர் சுற்றி நின்று சொல்கிறார்கள்.

கடைசித் தங்கச்சியாக நடித்தவள் சந்திரவதனா. கோப்பாய்க்காரி, ஐம்பது வயது. ஆஸ்பத்திரியிலும் மாக்கிறேட்டின் பக்கத்து மேசை. மாக்கிறேட் கருவிகளைத் துடைத்தபடி அந்த ஒரு வசனத்தை ஒவ்வொரு விதமாய்ச் சொல்லிப் பார்ப்பாள், கோபமாய், செல்லமாய், களைத்துப்போய். "கடைசியாச் சொன்னதுதானக்கா சரி," என்பாள் சந்திரவதனா. "அதுக்கு நீங்கள் நடிக்கவும் தேவையில்லை."

கலைமாலை ஒரு சனிக்கிழமை பின்னேரம். வெள்ளி இரவே சுப்பவைசரின் மெசேஜ் வந்துவிட்டது. மாக்கிறேட் கட்டைவிரலை அனுப்பினாள். காலை ஆறு மணிக்குப் போய் நின்றவள் இரண்டரைக்குத்தான் வெளியே வந்தாள். இடுப்பு எலும்புச் சத்திரசிகிச்சை மூன்று, ஒவ்வொன்றுக்கும் ஆறு தட்டுக் கருவி. மண்டபத்துக்கு வேலை உடுப்போடேயே போனாள். டிலக்சி மேக்கப் அறையில் வைத்து முகத்துக்கு வெள்ளைப் பவுடர் போட்டாள். கண்ணுக்குக் கீழே கறுப்புத் தடவ எடுத்தவள் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு மேக்கப் பெட்டியை மூடினாள்.

"இதுக்கு ஒண்டும் தேவையில்லையம்மா."

மூக்கில் பஞ்சு வைக்க எறிக் வந்தான். அது மட்டும் வேண்டாமென்று தலையை ஆட்டினாள். கையில் செபமாலையைச் சுற்றிக்கொண்டு படுத்தாள். திரை விலகிய சத்தம் கேட்டது. முகத்தில் விளக்கின் சூடு பட்டது. லண்டன் தம்பியாக நடித்த விக்னராஜா முதல் வசனத்தைச் சொல்ல, மண்டபம் சிரித்தது. அடுத்ததற்கு இன்னும் பெரிதாய்ச் சிரித்தது. சேலைக்கு இழுபடுகிற கட்டத்தில் சந்திரவதனாவின் குரல் கேட்டது அவளுக்கு நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

பிறகு நடந்ததை அவள் டிலக்சி போனில் எடுத்த வீடியோப் படத்தில்தான் பார்த்தாள். டிலக்சி மூன்றாவது வரிசையில் இருந்து முழுவதையும் எடுத்திருந்தாள்.

படத்தில் எல்லாரும் வெளியே போகிறார்கள். சந்திரவதனா பெட்டிக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்று மன்னிப்புக் கேட்கிறாள். "ஒருக்கா எழும்பிக் கதையுங்கோவன் பெரியக்கா." பெரியக்கா எழும்பவில்லை. சந்திரவதனா கொஞ்சம் பொறுத்து அதையே இன்னும் சத்தமாய்ச் சொல்கிறாள். சபையில் யாரோ ஒரு பெண் சிரிக்கிறாள். மூன்றாம் தரம் சொல்லும்போது சந்திரவதனாவின் குரல் மாறியிருக்கிறது. கையை நீட்டிப் பெட்டிக்குள் கிடக்கிறவளின் கன்னத்தைத் தொடுகிறாள். தோளைப் பிடித்து ஆட்டுகிறாள். தலை ஒரு பக்கம் சரிகிறது.

"அக்கா. மாக்கிறேட் அக்கா."

மேடையில் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டாள். மண்டபத்தில் ஒரு சத்தமில்லை. "எறிக், லைற்றைப் போடுங்கோ, ஆரும் வாங்கோ," என்று அழுகிறாள். மேடை விளிம்புக்குத் தவழ்ந்து வருகிறாள். விளக்குக்குப் பொறுப்பான பையன் லைற் என்ற சொல்லை மட்டும் பிடித்து எல்லாவற்றையும் அணைக்கிறான். இருட்டு. திரை மூடுகிற சத்தம். இரண்டு மூன்று விநாடி. பிறகு கைதட்டல், முதலில் ஒருவர், பிறகு ஐம்பது பேர், பிறகு கதிரைகள் தள்ளுப்பட்டு எல்லாரும் எழும்புகிற சத்தம்.

அந்தக் கைதட்டலில்தான் மாக்கிறேட் விழித்தாள். நீராவி மெஷின் திறந்துவிட்டதென்று முதலில் நினைத்தாள். பிறகு சாட்டின் கையில் பட, இருக்கிற இடம் நினைவு வந்தது. தனக்குரிய இடம் வந்துவிட்டதென்று படபடத்து எழும்பி உட்கார்ந்து, மூடிய திரைக்குப் பின்னால், இருட்டில், தெளிவாய்ச் சொன்னாள்:

"தேத்தண்ணி ஒருத்தரும் போடேல்லையோ?"

சந்திரவதனா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். கொஞ்சநேரம் அவளால் அழத்தான் முடிந்தது. பிறகு பெட்டியடிக்குத் தவழ்ந்து வந்து, உள்ளே கையை விட்டு மாக்கிறேட்டின் முழங்கையைப் பிடித்தவள் விடவேயில்லை.

எறிக் திரைக்குப் பின்னால் ஓடிவந்தான். அவன் முகம் சிவந்திருந்தது. "அன்ரி, நித்திரை கொண்டீங்களோ? உண்மையாவோ? ஆறு மாச வேலையன்ரி. ஒரு வசனம். ஒரே ஒரு வசனம்."

மாக்கிறேட் வாயைத் துடைத்தாள். "குறை நினைக்காதையும் தம்பி. கண் சொருகிப்போச்சு."

அவன் அடுத்ததைச் சொல்வதற்குள் சனம் உள்ளே வந்துவிட்டது. சங்கத் தலைவர் எறிக்கைக் கட்டிப்பிடித்தார். எழும்புவா எழும்புவா என்று பார்த்துக்கொண்டிருந்தால் எழும்பாமல் விட்டீர்களே, அதுதான் அடி என்றார். சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில் உடம்பெல்லாம் புல்லரித்ததாய் ஒருவர் சொன்னார். எறிக் ஒருமுறை மாக்கிறேட்டைத் திரும்பிப் பார்த்தான். பிறகு தலைவரின் கையைக் குலுக்கினான்.

"கனநாளா யோசிச்ச முடிவு," என்றான்.

மாக்கிறேட் அதைக் கேட்டாள். கோபம் வரவில்லை. அதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருந்தது. ஆரோ தந்த றோல்ஸைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போய்த் திரும்பப் படுத்தாள்.

திங்கட்கிழமை வேலையில், சாப்பாட்டு நேரத்தில், டிலக்சி அனுப்பிய அந்தப் படத்தைத் தன் போனில் பார்த்தபோதுதான் மனம் எங்கோ இடறியது. தான் செத்துக் கிடப்பதைப் பார்த்ததால் அல்ல. படத்தின் கடைசியில், சந்திரவதனா பெயரைச் சொல்லிக் கத்தியவுடன், போனைப் பிடித்திருந்த டிலக்சியின் குரல் மிகக் கிட்டக் கேட்டது. "அம்மா?" என்று ஒரு சொல். உடனே படம் ஆடி, முன்கதிரையின் முதுகைக் காட்டி, மறுபடி மேடைக்குத் திரும்பியது. மேடைக்குக் கீழே, முதல் வரிசையில், யேசுராசாவின் வழுக்கைத் தலை தெரிந்தது. விளக்கு அணைகிற கணத்தில் அவர் தட்டுவதற்கு இரண்டு கையையும் உயர்த்தியிருந்தார். இருட்டில் முதலில் தட்டிய ஆள் அவர்தான்.

அன்று பின்னேரம் குசினியில் அவள் கேட்டாள். "இஞ்சேருங்கோ, சந்திரா அப்பிடிக் கத்தேக்க நீங்கள் ஏன் கை தட்டினீங்கள்?"

"நீ நல்லா நடிச்சாய் எண்டு நினைச்சன்."

"நான் நித்திரை."

"அது எனக்கெப்பிடித் தெரியும்?"

அவள் அவரைப் பார்த்தாள். முப்பது வருஷத்துக்குக் கிட்ட ஒரே கட்டிலில் படுக்கிற மனுசன். அவர் பீங்கானைக் கழுவியபடி நின்றார். கழுவிய பீங்கானையே இன்னொரு தரம் கழுவினார். "உன்னை நித்திரையில நான் பாக்கிறதில்லைத்தானே," என்றார் கடைசியில். "நான் எழும்பேக்க நீ போயிடுவாய். நீ படுக்கேக்க எனக்கு மருந்து வேலை செய்யத் தொடங்கிடும்." அதில் பொய் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. 

டிலக்சி அந்தப் படத்தை வைத்து ஒன்று சொன்னாள். தான் பார்க்கிற தொடரில் என்றால் இருட்டானதோடு பெயர்கள் ஓடத் தொடங்கியிருக்கும், கதை சரி. அம்மா திங்கட்கிழமை நாலேகாலுக்கு எழும்பி வேலைக்குப் போகிற காட்சி அதில் வராது. சொல்லிவிட்டு அவள் ஏனோ எழும்பித் தன் அறைக்குப் போய்விட்டாள்.

விடாப்பிடியாய் நின்றவள் சந்திரவதனா. "ஐந்நூறு சனம் சிரிக்குது, முகத்தில லைற் அடிக்குது, அதுக்குள்ள ஒரு ஆளுக்கு நித்திரை வருமோ அக்கா? நான் உலுப்பியும் எழும்பேல்லை. டொக்டரிட்டப் போவம்." மாக்கிறேட் நாளைக்கு, அடுத்த கிழமை என்று கடத்தினாள். ஒரு வியாழக்கிழமை வேலை முடிந்து சந்திரவதனாவின் காரில் ஏறியபோது, அவள் அதை வீட்டுப் பக்கம் திருப்பாமல், டொக்டர் இருக்கிற வென்ற்வேத்வில்லுக்கு விட்டாள்.

டொக்டர் ஸ்ருதி, கோயம்புத்தூர்ப் பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். இரத்த அழுத்தம் பார்த்தாள், கண் இமையை இழுத்துப் பார்த்தாள், நகத்தைப் பார்த்தாள்.

"கடைசியா எப்ப டயர்டா இல்லாம இருந்தீங்க ஆன்ட்டி?"

மாக்கிறேட் யோசித்தாள். போன வருஷத்து நத்தாருக்கு இரண்டு நாள் லீவு. அப்போதா? இல்லை, அன்றைக்கு முப்பது பேருக்குச் சமைத்தாள். டிலக்சியின் பட்டமளிப்பு? அதற்கு முன்னா? டொக்டர் கணினியில் ஒன்றும் தட்டாமல் பார்த்துக்கொண்டே காத்திருந்தாள். அந்தக் காத்திருப்புத்தான் மாக்கிறேட்டைப் பிடித்தது. நினைவில் ஒரு நாளும் அகப்படவில்லை. "தெரியேல்லை பிள்ளை," என்றாள். 

இரத்தத்தில் இரும்புச்சத்து அடிமட்டத்தில் இருந்தது. தைரொயிட்டும் குறைவு. உள்ளே ஏதும் கசிகிறதா என்று கமரா விட்டுப் பார்த்தார்கள், சிறு புண் ஒன்று, மருந்தோடு ஆறக்கூடியது. இரண்டு முறை இரும்பு ஏற்றினார்கள். வாரத்துக்கு நான்கு நாள், நாளுக்கு எட்டு மணித்தியாலம், அதற்கு மேல் வேண்டாமென்று டொக்டர் கடிதம் தந்தாள்.

அந்தக் கடிதம் ஒன்பது நாள் கைப்பைக்குள் கிடந்தது. பத்தாம் நாள் மாக்கிறேட் அதைச் சுப்பவைசரின் மேசையில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சொல்லவேண்டியதை இங்கிலீஷில் மூன்று விதமாய்ப் பாடமாக்கி வைத்திருந்தாள். சுப்பவைசர் கெட்ட பெண்ணில்லை. கடிதத்தை வாசித்து, கணினியில் நேர அட்டவணையை மாற்றி, முடிந்தது என்றாள். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

"இதை நீ எப்போதோ சொல்லியிருக்கலாமே மாகி," என்றாள்.

மாக்கிறேட் தன் மேசைக்குத் திரும்பி வந்து ஒரு இடுக்கியைக் கையில் எடுத்தாள். அது மூடித் திறக்கிறதா என்று ஐந்தாறு தரம் பார்த்தாள். பதினெட்டு வருஷத்தில் அந்த வார்த்தையைப் போல வேறொன்றும் அவளைக் களைக்கப்பண்ணவில்லை.

இதற்கிடையில் எறிக்கின் நாடகம் மெல்பனுக்குக் கிளம்பியது. டார்னெய்ட்டில் செந்தூரன் என்று ஒருவர், வீட்டுக் கடன் முகவர், அங்கத்தைய சங்கத்துக்குச் செயலாளர். வட்ஸப்பில் சுற்றிய படத்தைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டிருந்தார். எறிக் மாக்கிறேட்டின் வீட்டுக்கு வந்து கதிரை நுனியில் இருந்தான்.

"இந்த முறை எழும்பவேண்டாம் அன்ரி. அதுதான் இப்ப முடிவு."

"அப்ப என்ர வசனம்?"

"வசனம் இல்லை அன்ரி. உங்களுக்கு இன்னும் சுகம்."

யேசுராசா ரீவியின் சத்தத்தைக் குறைத்தார். "அவளின்ர வசனத்தை வெட்டிப்போட்டு அவளையே கூப்பிடுறீரோ?" என்றார். எறிக்கிடம் அவர் முகம் கொடுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை. எறிக் சிரித்துச் சமாளித்தான். மாக்கிறேட் வாறதாய்ச் சொன்னாள். சந்திரவதனாவைத் தனியே விடவேண்டாமென்று நினைத்தாள். தான் செத்த இடத்தில் ஒருக்கால் முழித்துக் கிடந்து பார்க்கவேண்டும் என்றும் இருந்தது, ஆனால் அதை யாரிடமும் சொல்லவில்லை.

டார்னெய்ட் மண்டபம் புதியது, பெயின்ற் மணம் போகவில்லை. ஞாயிறு மத்தியானம். இரும்பு ஏற்றி ஐந்து கிழமை ஆகியிருந்தது. முந்தைய நாள் வேலையும் இல்லை. பெட்டிக்குள் படுத்து, கண்ணை மூடி, செபமாலையைப் பிடித்தாள். நித்திரை பக்கத்திலும் வரவில்லை.

அவள் அந்த நாடகத்தை முழுதாய்க் கேட்டது அன்றைக்குத்தான். ஒத்திகைகளில் எறிக் துண்டு துண்டாய்த்தான் எடுப்பான். இப்போது எல்லாம் ஒழுங்காய், ஒன்றன்பின் ஒன்றாய் வந்தது. பெரியக்கா எத்தனை பிள்ளைகளை வளர்த்தவள், எத்தனை பேரை வெளிநாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டவள் என்று ஒருவரும் நாடகத்தில் சொல்லவில்லை. ஆனால் சகோதரங்கள் இழுபடுகிற ஒவ்வொரு பொருளும் அவள் ஓடி ஓடிச் சேர்த்ததென்று விளங்கியது. சேலைக் கட்டத்தில் சனம் விழுந்து விழுந்து சிரித்தது. மாக்கிறேட்டுக்கு நெற்றியில் வியர்வை ஓடிக் காதுக்குள் போனது. துடைக்க முடியாது. அசையாமல் கிடப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அப்போதுதான் தெரிந்தது.

மற்றவர்கள் வெளியே போனார்கள். சந்திரவதனா முழங்காலில் இருந்தாள். மன்னிப்புக் கேட்டாள். ஒருதரம் எழும்பிக் கதைக்கச் சொன்னாள், இரண்டாம் தரம் சொன்னாள். மூன்றாம் தரத்துக்கு முன்னால் கையை நீட்டிக் கன்னத்தைத் தொட்டாள். அந்தக் கை மூக்கடிக்குப் போய் மூச்சைத் தேடியது. நாடகத்தில் அது இல்லை. குனிந்து, தலைமயிர் சபையை மறைக்க, உதட்டுக்குள்ளால் கேட்டாள்:

"அக்கா, முழிச்சிருக்கிறீங்களோ?"

"ஓம்," என்றாள் மாக்கிறேட் வாயசையாமல். "இருக்கிறன். நீ அழு."

சந்திரவதனா அழுதாள். டார்னெய்ட் சனம் அதைப்போல ஒரு அழுகையைப் பார்த்ததில்லை என்று பிறகு சொன்னார்கள்.

முடிந்ததும் மண்டபத்துக் குசினியில் கொத்துரொட்டி பரிமாறினார்கள். செந்தூரன் மாக்கிறேட்டுக்குத் தட்டைக் கொண்டுவந்து தந்து, எப்படி அன்ரி மூச்சுக்கூடத் தெரியாமல் படுத்திருந்தீர்கள், எங்கே பழகினீர்கள் என்று கேட்டார். அவள் கொத்துக்கு மேலே இன்னொரு கரண்டி ஆணம் விடச் சொன்னாள். எறிக் பெரிய சந்தோஷத்தில் இருந்தான். பிறிஸ்பேன், பிறகு பேர்த், முடிந்தால் ஒக்லண்ட் என்று விரலை மடித்தான்.

"நான் இனி வரேல்லைத் தம்பி," என்றாள் மாக்கிறேட்.

அவன் அவள் பகிடி விடுகிறாள் என்று நினைத்தான். "நீங்கள் இல்லாமல் என்னெண்டு அன்ரி?"

"படுக்கிறதுக்கு ஆளோ இல்லை? நான் வரமாட்டன்."

 எறிக் சந்திரவதனாவைப் பார்த்தான். சந்திரவதனா கொத்தில் இருந்த மிளகாயைப் பொறுக்கி ஓரமாய் வைத்துக்கொண்டிருந்தாள். "எனக்கும் ஏலாது," என்றாள் தலையை நிமிர்த்தாமல்.

பிறிஸ்பேனுக்குப் புது ஆட்களோடு போனார்கள். அங்கே ஒருவரும் எழும்பி நின்று தட்டவில்லை என்று கேள்வி. எறிக் இப்போது வேறு நாடகம் எழுதுகிறான், அதில் பெட்டி இல்லையாம். மாக்கிறேட்டைக் கண்டால் நின்று கதைப்பான். அந்த முடிவு யாருடையது என்ற பேச்சு மட்டும் இதுவரை வந்ததில்லை, அவளும் எடுக்கவில்லை.

களைப்பு போய்விட்டதென்று சொல்ல முடியாது. நாலு நாள் வேலையும் வேலைதான், ஐம்பத்தெட்டாம் வயதுக் கால்களும் அதே கால்கள்தான். புதன்கிழமைகளில் சும்மா இருக்க வேண்டும். முதல் மாதம் அவளுக்கு அது பிடிபடவில்லை, அலுமாரிகளை வெளியே இழுத்துத் துடைத்தாள். யேசுராசா இப்போது காலையில் நாலரைக்கு அலாரம் வைத்து எழும்பி, அவள் போகுமட்டும் எதிரே கதிரையில் இருக்கிறார்.  அவள் சப்பாத்து நூலைக் கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பப் போய்ப் படுப்பார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சில கிழமைகளில் சந்திரவதனா காரோடு வெளியில் நிற்பாள். இருவரும் மேய்ஸ் ஹில் கோயிலுக்குப் போவார்கள். சந்திரவதனா உள்ளே போய் முருகனைக் கும்பிட்டுவிட்டு வருமட்டும் மாக்கிறேட் காருக்குள் சீற்றைச் சரித்துக்கொண்டு இருப்பாள். போன கிழமை மழை. சந்திரவதனா சேலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு, பையில் இரண்டு தோசைப் பொதியோடு ஓடி வந்தாள். கண்ணாடி முழுக்க ஆவி பிடிக்க, இரண்டு பேரும் மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள். சந்திரவதனாவின் மகன் நிதுஷன் மூன்றாம் தரமும் ட்ரைவிங் டெஸ்டில் கோட்டை விட்டிருந்தான்.

"இந்த முறை என்ன பிழையாம்?" என்று கேட்டாள் மாக்கிறேட்.

"ரவுண்டபவுட்டில நிண்டு நிண்டு எல்லாருக்கும் வழி விட்டவனாம். அவ்வளவு நேரம் நிக்கக்கூடாதாம்."

மாக்கிறேட் சம்பலைத் தொட்டுக்கொண்டு அதை யோசித்தாள். மழை விடுவதாய்த் தெரியவில்லை. இருவருக்கும் போகிற அவசரமும் இல்லை.